நிரந்தரமில்லாத நிரந்தரக் கழிவு

வீட்டில் பழைய ஃபார்ம் 16 கத்தை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 2004-05 அல்லது அதற்கு முந்தைய தாள் ஒன்று, 2010 வாக்கில் வந்தது ஒன்று, 2019-க்குப் பிறகு வந்தது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தச் சம்பளத்துக்குக் கீழே ஒரு கட்டம் முதல் தாளில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது, மூன்றாவதில் மறுபடி வந்திருக்கும்.

அதுதான் ஸ்டாண்டர்டு டிடக்ஷன். தமிழ்ப் பத்திரிகைகளில் நிலையான கழிவு என்றும் எழுதுவார்கள், நிரந்தரக் கழிவு என்றும் எழுதுவார்கள். 13 நிதியாண்டு காணாமல் போய்விட்டுத் திரும்பி வந்த ஒன்றுக்கு நிரந்தரம் என்று பேர்!

நான் வங்கிக்காரன், படித்தது பி.காம். ஊர் விட்டு ஊர் மாற்றலாகி இப்போது மும்பையில் இருக்கிறேன். மார்ச் வந்தால் கிளையில் இருக்கிற இளசுகள் என் மேஜைக்கு வந்து, "சார், இந்த 75,000 எதுக்கு சார் தர்றாங்க?" என்று கேட்பார்கள். சும்மா கிடைக்கும் சலுகை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்று தெரிந்தால், அடுத்த பட்ஜெட்டில் யாராவது அதில் கை வைக்கும்போது என்ன போகிறது என்பதும் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

உத்தியோகத்துக்கும் செலவு உண்டு

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு மளிகைக் கடை. கடை வாடகை, கரண்ட் பில், பையனுக்குச் சம்பளம், சரக்கு எடுக்கப் போகிற டெம்போ வாடகை, போன் பில் எல்லாம் போக மிஞ்சுவதுதான் அண்ணாச்சியின் வருமானம். அந்த மிச்சத்துக்குத்தான் வரி. 1961 சட்டத்தின் 37-ஆம் பிரிவு, தொழிலுக்காக முழுதாகவும் தனியாகவும் செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றது. அதுதானே நியாயம்?

இப்போது மாடியில் இருக்கும் நம்மைப் பாருங்கள். லோக்கல் ரயில் பாஸ், ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, ஆபீசுக்கென்று தைத்த சட்டை பேன்ட், வருடத்துக்கு ஒரு ஜோடி ஷூ, மழைக்காலத்துக்கு இன்னொரு ஜோடி, மத்தியானச் சாப்பாட்டு டப்பா, பரீட்சை எழுதப் புத்தகம், கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வாங்கிப் போட்ட மேஜை நாற்காலி, இன்டர்நெட். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போனால், ஊரில் என்றால் பாட்டியிடம் விட்டிருக்கும் குழந்தைக்கு இங்கே க்ரெஷ் கட்டணம். இதையெல்லாம் செலவழித்தால்தான் அந்தச் சம்பளம் வரும்.

ஆனால் வரி என்று வந்தால் நமக்கு மொத்தச் சம்பளம்தான் கணக்கு. அண்ணாச்சிக்குச் செலவு போக மிச்சம், நமக்குச் செலவுக்கு முந்தைய மொத்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் காலம்காலமாக ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை குதிரையில் தொடங்குகிறது.

வில்சன் துரையும் சென்னை கவர்னரும்

குதிரைக்கு முன்னால் வரி எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை. 1857 கலகத்தை அடக்கிய செலவில் பிரிட்டிஷ் அரசு கடனில் மூழ்கியது. கணக்கைச் சரிசெய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். 'எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர், இன்றைய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் மூதாதையான சார்ட்டர்டு வங்கியை நிறுவியவர். (ஆக, நம்ம வங்கித் தொழில்காரர்தான் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர்.) 1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் பட்ஜெட் போட்டார். வருடம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் வரி என்றார்.

அப்போது சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்புக் குறிப்பைக் கோப்போடு நிறுத்தாமல் பத்திரிகையிலும் வரவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வரி வந்தது. அதே ஆகஸ்டில் வில்சன் வயிற்றுக்கடுப்பில் கல்கத்தாவிலேயே இறந்துபோனார். மறந்துபோயிருந்த அவருடைய கல்லறையை 2007-ல் தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு வருமான வரி அதிகாரி. ட்ரெவெல்யன் கதை இன்னும் வேடிக்கை. பதவி இழந்து போனவர் நிதிப் பொறுப்பு உறுப்பினராகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1865-ல் அந்த வரி முடிந்துபோனது.

பிறகு வந்தும் போயும் இருந்த வரி, 1886 சட்டத்தோடு நிலையாக உட்கார்ந்துகொண்டது. அந்தச் சட்டம் வருமானத்தை நான்காகப் பிரித்தது. முதலாவதே சம்பளமும் பென்ஷனும்தான். அது கொடுக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்ள வசதியான வருமானம். அந்த வசதி அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அரசுக்கு இருக்கிறது.

குதிரை வளர்க்கலாம், ஊர் மாறி இருக்கக் கூடாது

வேலைச் செலவைப் பற்றிய யோசனை நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. அங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி இருந்தது. உத்தியோகஸ்தர் தன் கடமையைச் செய்யும்போது "முழுதாக, தனியாக, அவசியமாக" செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம். வேலை நிமித்தம் பயணம் போகக் குதிரை வைத்துப் பராமரிக்கும் செலவும் அந்த விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. குதிரைக்குக் கொள்ளு வாங்கினால் கழிவு உண்டு.

ஆனால் அந்த "அவசியமாக" என்ற ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் வில்லன். வியாபாரியின் செலவுக்கு அந்தச் சொல் கிடையாது; உத்தியோகஸ்தருக்கு மட்டும் உண்டு. 1925-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரைக்கும் ஒரு வழக்கு போனது. லண்டனில் வக்கீலாக இருந்த ஒருவர், போர்ட்ஸ்மத் நகரத்தில் பகுதிநேர நீதிபதியாகவும் இருந்தார். லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் போய்வரும் ரயில் கட்டணத்தையும் அங்கே தங்கும் செலவையும் கழிக்கக் கேட்டார். முடியாது என்று தீர்ப்பு. கடமை போர்ட்ஸ்மத் நீதிமன்றத்தில்தான் ஆரம்பிக்கிறது. லண்டனில் குடியிருப்பது உங்கள் விருப்பம். அதற்கான செலவும் உங்களுடையது. சாரம் இவ்வளவுதான்.

டோம்பிவலியிலிருந்து சர்ச்கேட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தால் சிரிப்பார்களா அழுவார்களா தெரியவில்லை. ஆபீஸ் பக்கத்தில் வாடகை கொடுக்க முடியாதவன் தூரத்தில் குடியிருப்பதும் சட்டத்தின் கண்ணில் சொந்த விருப்பம். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் செலவு வேலையின் செலவல்ல, வாழ்க்கையின் செலவு என்ற எண்ணம் இப்படித்தான் வேர் பிடித்தது.

பில் சேர்த்த காலம்

இந்தியாவின் 1961 வருமான வரிச் சட்டத்தில் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடியவற்றை 16-ஆம் பிரிவில் வைத்தார்கள். ஆரம்பத்தில் அது ஒரு பட்டியல். உத்தியோகத்துக்குத் தேவையான புத்தகம் வாங்கினால் 500 ரூபாய் வரை. தொழில் வரி கட்டியிருந்தால் அது. சொந்த வண்டியை வேலைக்குப் பயன்படுத்தினால் அதன் பராமரிப்பும் தேய்மானமும். விருந்தோம்பல் படி வாங்குகிறவர்களுக்கு ஒரு கழிவு. கடைசியாக, வேலை நிபந்தனைப்படி சொந்தச் சம்பளத்திலிருந்து செலவழித்தே ஆக வேண்டியிருந்தால், முழுதாக, அவசியமாக, தனியாக வேலைக்கென்றே செலவழித்த தொகை. அதே மூன்று சொற்கள், கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கின்றன.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தை அவரிடம் கேட்டேன்.

"புத்தகக் கடை பில்லு எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவில போட்டு வைப்பேன் தம்பி. ஐநூறு ரூபாய்ங்கறது அப்போ பெரிய தொகை. இது பாடத்துக்குத் தேவையான புத்தகமான்னு ஆபீசர் கேட்டா பதில் சொல்லணும். எழுபத்திநாலுக்கு அப்புறம் அந்த டப்பா தேவைப்படலை. புத்தகம் வாங்கினாலும் அதே கழிவு, வாங்காட்டியும் அதே கழிவு."

"நல்லதுதானே மாமா?"

"நல்லதுதான். ஆனா அப்போ கேட்டு வாங்கினேன். அப்புறம் கொடுத்தா வாங்கிக்கறது."

இதைவிடச் சுருக்கமாக 1974-ஐ என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

1974: பில்லைக் கொடு, கழிவை எடு

1974 பட்ஜெட்டைப் போட்டவர் ஒய்.பி. சவான். மகாராஷ்டிரத்தின் முதல் முதலமைச்சர். அதற்கு முந்தைய வருடம் உச்சபட்ச வருமான வரி, மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் மிச்சம். அதை 77 சதவீதமாகக் குறைத்தது இந்த பட்ஜெட். அதே பட்ஜெட்டில்தான் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் வந்தது.

புத்தகம், தொழில் வரி, வண்டி, அவசியச் செலவு எல்லாம் பட்டியலிலிருந்து போயின. பதிலாக, சம்பளத்தின் முதல் 10,000 ரூபாயில் 20 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம், மொத்தம் 3,500 ரூபாய்க்கு மிகாமல் ஒரே கழிவு. மாதம் 1,000 ரூபாய் வாங்கியவருக்கு வருடம் 12,000. அவருக்குக் கழிவு 2,000-மும் 200-மும் சேர்த்து 2,200 ரூபாய். வருடச் சம்பளம் 25,000-ஐ எட்டியவருக்கு உச்சவரம்பான 3,500.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாளி கார், ஸ்கூட்டர் கொடுத்து அதைச் சொந்த உபயோகத்துக்கும் விட்டிருந்தால், அவருக்கு இந்தக் கழிவு 1,000 ரூபாயைத் தாண்டாது. ஏன்? போக்குவரத்துச் செலவு அவருக்குக் குறைவு என்பதால்தான். அதாவது, இந்தக் கழிவு வேலைச் செலவுக்கான ஈடு, அதில் பெரும்பகுதி ஆபீஸ் போய்வரும் செலவு என்று அன்றைக்குச் சட்டமே ஒப்புக்கொண்டது. இங்கிலாந்துத் தீர்ப்பு மறுத்ததை நம்ம சட்டம் பின்வாசல் வழியாகக் கொடுத்தது.

இரண்டு பக்கத்துக்கும் லாபம் இருந்தது. லட்சக்கணக்கான சம்பளக்காரர்களின் பில்லைச் சரிபார்க்கும் வேலை அரசுக்கு இல்லை. நமக்கோ பில் சேர்க்கும் தொல்லை இல்லை. அந்த வருடமே ஜூலையில் அவசரச் சட்டம் போட்டு, கூடுதலாகக் கிடைத்த பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். விலைவாசி எகிறிக்கொண்டிருந்த காலம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கினார்கள்.

தொழில் வரி மட்டும் பிறகு தனியாகத் திரும்பி வந்தது. அதை மாநிலங்களுக்கு விட்டுக்கொடுத்திருப்பது அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு. 1988-ல் திருத்தம் செய்து, வருடம் 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2,500 ஆக்கினார்கள். அதற்கு அடுத்த வருடமே, கட்டிய தொழில் வரியை வருமான வரிக் கணக்கில் தனியாகக் கழிக்க வழி செய்தார்கள். மும்பையில் பெரும்பாலோருக்கு மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300 பிடிப்பது இதனால்தான். கூட்டிப் பாருங்கள், சரியாக 2,500 வரும். டெல்லிக்கு மாற்றலாகிப் போனவர்கள் அங்கே இந்த வரியே இல்லை என்று சந்தோஷப்படுவார்கள்.

ஏறிக்கொண்டே போன ஏணி

1974-ல் 3,500 ஆக இருந்த உச்சவரம்பு மெதுவாக ஏறியது. 1986-ல் வி.பி. சிங் அதை 10,000 ஆக்கினார். 1988-ல் 12,000. மன்மோகன் சிங் காலத்தில் 15,000. 1997-ல் ப. சிதம்பரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி 20,000 என்றார்.

அடுத்த வருடம் யஷ்வந்த் சின்ஹா ஆளுக்கேற்பப் பிரித்தார். லட்சம் ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு 25,000, அதற்கு மேல் 20,000, ஐந்து லட்சம் தாண்டினால் ஒன்றுமில்லை. 2001-ல் ஒன்றரை லட்சம் வரை உள்ளவர்களுக்கு 30,000. 2003-ல் ஜஸ்வந்த் சிங், ஐந்து லட்சம் வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 40 சதவீதம் அல்லது 30,000, எது குறைவோ அது என்றார். அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்கு 20,000.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், வேலைச் செலவுக்கான ஈடு என்ற எண்ணம் இங்கே கரைய ஆரம்பித்துவிட்டது. ஐந்து லட்சம் வாங்குகிறவர் ரயிலில் வருவதில்லையா? புத்தகம் வாங்குவதில்லையா? செலவுக்கான ஈடு என்றால் எல்லோருக்கும் உண்டு. ஏழைக்குச் சலுகை என்றால் மேலே போகப் போகக் குறையும். 1998-க்குப் பிறகு இது இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டது. சலுகை என்று ஆகிவிட்டால் அதை எடுப்பதும் சுலபம்.

2005: ஒரே வரியில் போனது

2002-ல் விஜய் கேல்கர் தலைமையிலான குழு, வருமான வரியை எளிமையாக்க வழி சொன்னது. வரியில்லா வரம்பை ஒரு லட்சமாக உயர்த்துங்கள், ஸ்டாண்டர்டு டிடக்ஷனை எடுத்துவிடுங்கள் என்பதும் அதில் இருந்தது. 2005 பட்ஜெட்டில் அதைச் செய்தவர் ப. சிதம்பரம். 1997-ல் 20,000 ஆக்கிய அதே சிவகங்கைக்காரர்தான். 1974-லிருந்து 31 நிதியாண்டு இருந்த கழிவு, 2005-06 முதல் இல்லை.

அப்போது ஏன் பெரிய கூச்சல் இல்லை? ஏனென்றால் மொத்த வரி குறைந்தது. ஒரு உதாரணம். மாதம் 20,000, வருடம் 2,40,000 சம்பளம். சேமிப்புச் சலுகை, செஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துப் பார்ப்போம்.

2004-05-ல்: 30,000 கழிவு போக 2,10,000. வரி 37,000.
2005-06-ல்: கழிவு இல்லை, 2,40,000. புதிய விகிதத்தில் வரி 23,000.

14,000 ரூபாய் மிச்சம்! யார் சண்டை போடுவார்கள்? ஆனால் புதிய விகிதத்தோடு பழைய கழிவும் இருந்திருந்தால் வரி 17,000-தான். அந்த 6,000 ரூபாய் வித்தியாசம்தான் சம்பளக்காரன் கொடுத்த விலை. வரம்பு உயர்ந்தது மளிகைக் கடைக்காரருக்கும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் சேர்த்துத்தான். அவர்களுடைய செலவுக் கழிவு அப்படியே இருந்தது. நம்முடையது மட்டும் போனது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் ஃபார்ம் 16-ல் அந்தக் கட்டம் இருந்தது, அடுத்ததில் இல்லை. வரி குறைந்த சந்தோஷத்தில் கிளையில் யாருமே அதைப் பேசவில்லை.

சரி, ஸ்டாண்டர்டு டிடக்ஷன் போய்விட்டதே, 1974-ல் கொடுத்த பட்டியலாவது திரும்பி வந்ததா? வரவில்லை. பில்லைக் கொடுத்துவிட்டு வாங்கிய கழிவு அது. கழிவும் போனது, பில்லும் போனது. 13 நிதியாண்டுகள் சட்டம் சொன்னதன் அர்த்தம், சம்பளம் சம்பாதிக்கத் தனியாகச் செலவே ஆகாது என்பதுதான். மாதம் 800 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு வரி இல்லை, பில் காட்டினால் வருடம் 15,000 வரை மருத்துவச் செலவுக்கு வரி இல்லை. ஆறுதல் இவ்வளவுதான். அதுவும் முதலாளி சம்பளத்தை அப்படிப் பிரித்துக் கொடுத்தால்!

எல்ஐசிக்காரர்கள் போட்ட வழக்கு

பட்டியல் போனதன் வலி யாருக்கு நன்றாகத் தெரியும் என்றால், எல்ஐசி டெவலப்மென்ட் ஆபீசர்களுக்கு. ஏஜென்டுகளை உருவாக்க ஊர் ஊராகச் சுற்றும் வேலை. பாலிசி சேர்ந்தால் ஊக்க போனஸ். அந்த போனஸ் வாங்கப் பெட்ரோல், டீ, சாப்பாடு என்று கையிலிருந்து போகும். போனஸில் ஒரு பகுதி எங்கள் செலவுதான், அதைக் கழியுங்கள் என்று நாடு முழுக்கப் பல உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். தீர்ப்புகள் இப்படியும் அப்படியுமாக வந்தன. கடைசியில் 2013-ல் உச்ச நீதிமன்றம், 1989-க்கு முந்தைய காலத்து போனஸ் பற்றித் தீர்ப்பளித்தது. போனஸும் சம்பளம்தான், சம்பளத்துக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் உண்டு, அதற்கு மேல் செலவுக் கழிவு கேட்க முடியாது.

அதே தெருவில் சுற்றிய ஏஜென்ட் கமிஷன் வாங்குகிறவர், ஆகவே செலவைக் கழிக்கலாம். அவரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டிய ஆபீசர் சம்பளக்காரர், ஆகவே முடியாது. பெட்ரோல் ஒரே பெட்ரோல்தான்.

2018: 81 ரூபாய்த் திருவிழா

2018 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி ஒரு கணக்குச் சொன்னார். 2016-17 மதிப்பீட்டு ஆண்டில் 1.89 கோடிச் சம்பளக்காரர்கள் கட்டிய வரி 1.44 லட்சம் கோடி, தலைக்குச் சராசரி 76,306 ரூபாய். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில், 1.88 கோடி வியாபாரிகளும் சொந்தத் தொழில்காரர்களும் கட்டியது 48,000 கோடி, தலைக்குச் சராசரி 25,753. சம்பளக்காரர்கள் மூன்று மடங்கு கட்டுகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் நிதியமைச்சரே சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டாண்டர்டு டிடக்ஷனைத் திருப்பிக் கொடுத்தார். 40,000 ரூபாய்.

கை தட்டும் முன் கணக்குப் போடுவோம். இதற்குப் பதிலாகப் போக்குவரத்துப் படி விலக்கும் (மாதம் 1,600, வருடம் 19,200) மருத்துவச் செலவு விலக்கும் (15,000) போயின. மொத்தம் 34,200. மிஞ்சிய கூடுதல் கழிவு 5,800. கூடவே செஸ் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. இரண்டு விலக்கையும் முழுதாகப் பயன்படுத்தி, வரிக்குரிய வருமானம் சரியாகப் பத்து லட்சம் இருந்த ஒருவருக்குப் பழைய வரி 1,15,875; புதிய வரி 1,15,794. வருடத்துக்கு 81 ரூபாய் லாபம். ரெண்டு பிளேட் வடாபாவும் ஒரு கட்டிங் சாயும் சாப்பிடலாம்.

உண்மையான லாபம் யாருக்கு என்றால் பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு. போக்குவரத்துப் படி ஏதுமில்லாத அவர்களுக்கு முழு 40,000-மும் கழிவு. அவர்கள் பெற்றதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் வேலைக்கே போகாதவருக்கும் கிடைக்கிறது என்றால், இது இனி வேலைச் செலவுக்கான ஈடு அல்ல என்று அர்த்தம். 1974-ல் காருக்கு 1,000 ரூபாய் வரம்பு வைத்த கறார் எங்கே, இது எங்கே!

2019 இடைக்கால பட்ஜெட்டில் பியூஷ் கோயல் 50,000 ஆக்கினார். 2020-ல் வந்த புதிய வரி முறையில் முதலில் இந்தக் கழிவு இல்லை. 2023-ல் அங்கேயும் சேர்த்தார்கள். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன், 2024 ஜூலையில் புதிய முறைக்கு மட்டும் 75,000 ஆக்கினார். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றபோது, சம்பளக்காரர்களுக்கு மட்டும் 12.75 லட்சம் என்று டிவியில் சொன்னார்களே, அந்த 75,000 இதுதான்.

75,000 போதுமா?

நிலம் வீடு விற்கிறவர்களுக்காக அரசே ஆண்டுதோறும் ஒரு விலைவாசிக் குறியீடு வெளியிட்டு வந்தது. வாங்கிய விலையை அந்தக் குறியீட்டால் உயர்த்திக்கொண்டு லாபத்தைக் கணக்கிடலாம். 2004-05-க்கு அந்த எண் 113, 2024-25-க்கு 363. நம் கழிவை அதே குறியீட்டால் உயர்த்தினால், 2004-05-ன் 30,000 ரூபாய் 2024-25-ல் சுமார் 96,000 ரூபாய். கொடுத்தது 75,000. மனைக்கு விலைவாசி ஏறியது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ரயில் பாஸுக்கும் ஷூவுக்கும் ஏறியது தெரியவில்லை.

ஊர் விட்டு வந்தவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. புதிய வரி முறைக்குப் போனால் வீட்டு வாடகைப்படி விலக்கு இல்லை, ஊருக்குப் போய்வரும் எல்டிசி விலக்கு இல்லை, தொழில் வரிக் கழிவும் இல்லை. சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவருக்கு இவை போனால் பெரிய நஷ்டமில்லை. இங்கே வாடகை கொடுத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ரயிலேறுகிற நமக்கு இவை எல்லாமே வேலையின் செலவுதான். விகிதம் குறைவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாறாமல், இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பலருக்குப் புதிய முறையே லாபமாக இருக்கும். பெரிய வாடகையும் வீட்டுக்கடனும் உள்ளவர்களுக்கு மாறிவரலாம்.

பில் சேர்க்கும் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரி ஆபீசில் நிற்க யாருக்கு நேரமிருக்கிறது? ஒரே கழிவு என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அது எதற்கான கழிவு என்பது மறந்துபோனால், ஒரு நிதியமைச்சர் கொடுப்பார், இன்னொருவர் எடுப்பார். சில சமயம் இரண்டையும் ஒருவரே செய்வார். பஞ்சப்படியை விலைவாசியோடு கோர்த்துவிட்டது போல இந்தக் கழிவையும் கோர்த்துவிட்டால் யாரும் யாரிடமும் கை ஏந்த வேண்டியதில்லை. வங்கி ஊழியர் சங்கங்கள் பஞ்சப்படிக்காக எத்தனை வருடம் போராடின என்பது நமக்குத் தெரியும். இதற்காக யாரும் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை.

உங்கள் பிள்ளை இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளா? முதல் சம்பளக் கணக்கைக் காட்டும்போது அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, இது யாரும் போட்ட பிச்சை இல்லை, 1974-ல் உன் தாத்தா காலத்து ஆட்கள் புத்தக பில்லையும் வண்டி பில்லையும் கொடுத்துவிட்டு வாங்கியது என்று சொல்லிக் கொடுங்கள். உங்களில் யாரிடமாவது 1974-க்கு முந்தைய வரிக் கணக்குத் தாள் பத்திரமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தக் காலத்தில் என்னென்ன கழித்தார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.